வெயிலா, பாக்கெட்டா, ஊசியா? முடி கொட்டுகிறது என்று வைட்டமின் டி தேடுகிறவர்களுக்கு

போன ஐப்பசியில் என் தங்கை தலை வாரி முடித்து, சீப்பில் வந்த முடியைப் பந்தாகச் சுருட்டி அம்மாவிடம் காட்டினாள். தை பிறப்பதற்குள் பின்னல் எலிவால் ஆகிவிட்டது. ஒரு முழம் மல்லிகை வைத்தால் பூவைத் தாங்க முடி இல்லை, பின் குத்தினால் பின்னோடு சரிந்து வருகிறது. முப்பத்திரண்டு வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை, காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வருவாள், நடுவில் பார்ப்பதெல்லாம் டியூப் லைட்டும் பற்றவைக்கிற தீயும்தான்.

ஒரு பரிசோதனை நிலையத்தில் முழு உடல் பேக்கேஜ் எடுத்தோம். ரிப்போர்ட்டில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: வைட்டமின் டி, 11. அவ்வளவுதான், வெயில் படாததால்தான் முடி போச்சு என்று வீடே முடிவு கட்டிவிட்டது. "காலைல ஆறரைக்கு மொட்டை மாடியில உக்காரு கண்ணு, இளவெயில் நல்லது" என்றாள் அம்மா. மருந்துக் கடைக்காரர் வைட்டமின் டி பவுடர் பாக்கெட் எடுத்து நீட்டினார். தெரிந்த ஒரு கிளினிக்கில் ஒரே ஊசியில் சரியாகிவிடும் என்றார்கள். ஏற்காட்டில் இருக்கும் சித்தி பத்து நாள் வந்து தங்கச் சொன்னாள், மலை வெயில் சுத்தமான வெயிலாம். பட்டறைத் தோழி ஒருத்தி முடிக்கென்று விற்கிற மாத்திரைப் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

இத்தனை பேரும் அக்கறையில்தான் சொன்னார்கள், எதைச் செய்வது என்றுதான் புரியவில்லை. நான் மருத்துவர் இல்லை, கணக்கு எழுதுகிறவள். ஆனால் இரண்டு மாதம் இதற்காகவே படித்தேன், எங்கள் பொது மருத்துவரிடமும் தோல் மருத்துவர் ஒருவரிடமும் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அதில் எனக்குத் தெளிந்ததைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் நிற்கிற பெண்களை எங்கள் தெருவிலேயே நாலு பேரைத் தெரியும்.

முதலில் அடிப்படைக் கேள்வி. டி குறைந்தால் முடி கொட்டுமா? முடியின் வேர்ப்பைக்குள் வைட்டமின் டி வந்து பொருந்துகிற ஏற்பி ஒன்று இருக்கிறது. அதைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால் டி-தான் சாவி. பிறவியிலேயே அந்தப் பூட்டு பழுதான குழந்தைகளில் பலருக்குத் தலையில் முடியே இருக்காது, உடம்பில் டி எவ்வளவு இருந்தாலும் சரி. இதை வைத்துத்தான் டி இல்லாவிட்டால் முடி போகும் என்ற பேச்சு வலுத்தது. ஆனால் அதே விஷயத்தின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. பூட்டு நன்றாக இருந்து சாவி மட்டும் உருவாகாத குறைபாடும் உண்டு, அதாவது டி-யை அதன் கடைசி வடிவத்துக்கு மாற்றுகிற நொதி இல்லாமல் பிறக்கிறவர்கள். அவர்களுக்கு எலும்பு வளைகிறது, முடி கொட்டுவதில்லை. எலிகளில் செய்து பார்த்தபோதும் இதே கதைதான். முடிக்கு அந்தப் பூட்டு தேவை என்பது உறுதி, சாவி குறைந்ததால் முடி உதிர்கிறது என்பது அந்த அளவுக்கு உறுதி ஆகவில்லை. முடி மெலிந்த பெண்களைச் சோதித்தால் நிறையப் பேருக்கு டி குறைவாக இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. நம் ஊரில் இடுப்பு வரை பின்னல் போடுகிறவர்களைச் சோதித்தாலும் நிறையப் பேருக்குக் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் 11 என்று வந்ததை விட்டுவிடலாமா? கூடாது. டி தேவைப்படுவது எலும்புக்கும் தசைக்கும். அது ரொம்பக் குறைந்தால் உடம்பு வலி, தரையில் உட்கார்ந்து எழும்போது தொடையில் பலமின்மை, முதுகு வலி என்று வரும். தங்கைக்கு ஒரு வருஷமாகவே மாடிப்படி ஏறினால் தொடை கடுத்தது, நின்று வேலை பார்ப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால் சரிசெய்ய வேண்டும், ஆனால் எலும்புக்காகச் செய்கிறோம் என்ற தெளிவோடு செய்ய வேண்டும். முடியை மட்டும் மனதில் வைத்துச் செய்தால் மூன்று மாதத்தில் மனசு உடைந்து அடுத்த கடைக்கு ஓடுவோம்.

ரிப்போர்ட்டில் வருகிற அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை, எல்லாம் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு. 20-க்குக் கீழே என்றால் குறைவு என்பதில் பெரிய சண்டை இல்லை. 30 வேண்டும் என்று அமெரிக்காவின் எண்டோக்ரைன் சொசைட்டி, அதாவது ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம், 2011-இல் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் பல ரிப்போர்ட்டுகளில் 22, 25 எல்லாம் "போதாது" என்று அச்சாகிறது. அதே சங்கம் 2024-இல் அந்த 30 கணக்கைக் கைவிட்டது, ஆரோக்கியமாக இருப்பவர்கள் சும்மா டி பரிசோதனை செய்துகொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. உங்களுக்கு 24 வந்திருந்தால் பதறாதீர்கள். கீழே சொல்லப்போகிற வெயிலும் சாப்பாடும் உங்களுக்குப் போதும். 12-க்குக் கீழே வந்தவர்கள்தான் இரண்டாவது வழியான பாக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள்.

சரி, வெயிலுக்கு வருகிறேன். இதில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் உண்மையும் ரொம்ப விலகி நிற்கின்றன. தோலில் டி உருவாக வேண்டுமானால் வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தேவை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் சாய்வாக வருவதால் நம்மை எட்டுவதற்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். ஆறரை மணி இளவெயில் உடம்புக்கு இதமானது, தூக்கத்தைச் சீராக்கும், மறுக்கவில்லை. டி-க்கு மட்டும் அதனால் கிட்டத்தட்டப் பலனே இல்லை. தங்கை மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து மாடியில் உட்கார்ந்தாள், அந்த மூன்று வாரத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

கடிகாரத்தை விட நிழலை நம்பலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் டி உருவாகிற நேரம். சேலம் வடக்கே பதினொன்றரை டிகிரியைச் சற்றுத் தாண்டி இருக்கிறது, உச்சிப்பொழுது நமக்குப் பன்னிரண்டே காலை ஒட்டி வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மார்கழியில் காலை பத்தரையிலிருந்து பிற்பகல் இரண்டு வரை நிழல் குட்டையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் ஒன்பதே காலுக்கே குட்டையாகிவிடும், மூன்று மணி வரை அப்படியே இருக்கும். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் உச்சியில் நிழலே காலடிக்குள் போய்விடும். நமக்கு வடக்கே திருப்பதியில் செய்த ஓர் ஆய்விலும் வருஷம் முழுக்கப் பகல் 11 முதல் 2 வரைதான் அதிக டி உருவாவதாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் குளிர்கால மாதங்களில் எவ்வளவு நேரம் நின்றாலும் டி கிடைக்காத ஊர்கள் உண்டு. நமக்கு வருஷத்தில் எந்த மாதமும் அடைபடுவதில்லை, அது நம் பாக்கியம்.

இந்த நிழல் கணக்கால் ஒரு நல்ல வசதி உண்டு. சேலத்துக் கோடையில் பதினொரு மணி வெயிலில் போய் உட்காருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மயக்கம் வந்துவிடும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பதரைக்கே வேலை நடக்கும், அந்த நேரச் சூடு தாங்கக்கூடியது. மார்கழி, தையில் பன்னிரண்டு மணி வெயிலே சுகமாக இருக்கும். வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை.

எவ்வளவு நேரம்? மாநிறத்துக்கு அரைக்கையும் முழங்காலுக்குக் கீழும் திறந்திருக்க 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் நாலு நாள் என்று தொடங்கலாம். கருத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும், தோலின் கருமை அந்தக் கதிரை முன்னாலேயே வாங்கிக்கொள்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் பலன் இல்லை, கண்ணாடி புற ஊதா பி-யை நிறுத்திவிடும். அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், காரில்தான் போய் வருகிறேன், எனக்கு எப்படிக் குறையும் என்று கேட்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

தலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடிக்காக வெயில் என்றதும் பலர் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், வகிட்டில் நேராக வெயில் பட்டால் வேர் தூண்டப்படும் என்று நினைத்து. அப்படி எதுவும் நடப்பதில்லை. முதுகிலோ கையிலோ காலிலோ உருவாகும் டி ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்த்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது, தலைத்தோல் வெந்து அதற்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. வெயில் முடித்தண்டில் உள்ள புரதப் பிணைப்பை உடைத்துச் சொரசொரப்பாக்கும், செம்பட்டையாக்கும். முடி மெலிந்த உச்சிக்கு நிழலும் குறைவு, அங்கே தோல் சீக்கிரம் கருகும், வழுக்கை விழுந்த ஆண்களுக்கு இது இன்னும் முக்கியம். அதனால் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், கையையும் காலையும் காட்டுங்கள். முகத்தில் மங்கு இருப்பவர்கள் முகத்தையும் மூடிக்கொள்ளலாம், டி-க்கு முகம் கட்டாயம் இல்லை. லூப்பஸ் மாதிரி வெயில் ஒத்துக்கொள்ளாத நோய் இருப்பவர்களுக்கும், வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்க வைக்கிற டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த வழியே வேண்டாம்.

வெயிலில் பயமில்லாத ஒரு விஷயம், டி அளவு மீறாது. தேவைக்கு மேல் உருவானதை அதே வெயிலே தோலில் வைத்துச் சிதைத்துவிடும். குறை என்ன என்றால், ரொம்ப மெதுவாக ஏறும். 11-இலிருந்து 20-ஐத் தொடப் பல மாதம் ஆகலாம், நடுவில் விட்டால் இறங்கிவிடும். இதை விடப் பெரிய குறை ஒன்று உண்டு, மருத்துவர்கள் அதைப் பேசுவதே இல்லை. பகல் பன்னிரண்டுக்கு ஒரு பெண் எங்கே போய்க் கையையும் காலையும் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவாள்? அம்மாப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியைச் சுற்றி எட்டு மாடிகள். நைட்டியோடு போய் உட்கார்ந்தால் எதிர்வீட்டு அண்ணன் துணி காயப் போட வருவார். தறி வீடுகளில் இருக்கும் பெண்களும் கொலுசுப் பட்டறையில் இருப்பவர்களும் துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்களும் அந்த நேரத்தில் உள்ளேதான் இருக்கிறார்கள். "நம்ம ஊர்ல இல்லாத வெயிலா" என்று சொல்வது சுலபம், அந்த வெயிலில் நிற்க நேரமும் மறைவும் வேண்டும்.

ஏற்காட்டுச் சித்தி சொன்னதையும் சோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் பாதி சரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடும், ஏற்காடு சேலத்தை விட ஆயிரத்து இருநூறு மீட்டர் போல உயரத்தில் இருக்கிறது, ஆகையால் தெளிவான வானத்தில் கொஞ்சம் அதிகம் கிடைக்கும்தான். ஆனால் மலையில் யார் கையைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள்? குளிருக்கு ஸ்வெட்டர், காதுக்குத் துண்டு, பாதி நாள் மூடுபனி. காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் சித்திக்கே நாள் முழுக்க சில்வர் ஓக் நிழலும் முழுக்கைச் சட்டையும்தான். காற்று மாறுவதற்கு, மனசு லேசாவதற்கு, சித்தி கையால் சாப்பிடுவதற்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகலாம். டி-க்காகப் பேருந்து ஏற வேண்டாம், இங்கே மாடிப்படி ஏறினால் போதும்.

இரண்டாவது வழி பாக்கெட். ஒன்றில் 60,000 யூனிட், எடையாகச் சொன்னால் ஒன்றரை மில்லிகிராம்தான். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்னது 600 யூனிட். ஆக ஒரு பாக்கெட் நூறு நாள் தேவை. மருத்துவர்கள் பொதுவாக வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுகிறார்கள், அப்புறம் மாதத்துக்கு ஒன்று அல்லது தினசரி சிறிய அளவு. டி கொழுப்பில் கரைவது, அதனால் வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதை விட மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் கலந்து குடிப்பது நல்லது. மலிவு, நேரம் கேட்காது, மறைவு கேட்காது, எண் நிச்சயமாக ஏறும். 12-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, வலி இருப்பவர்களுக்கு, பகலில் வெளியே வர முடியாதவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, எங்கள் சொந்தத்திலேயே நடந்தது. பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே பாக்கெட்டை மொத்தமாக வாங்கி வந்தார், வாரத்துக்கு ஒன்று என்று யாரும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு தினம் ஒன்று என்று ஒரு மாதத்துக்கு மேல் குடித்துவிட்டார். பசி போனது, வாந்தி, கடும் மலச்சிக்கல், ஓயாத தாகம், பிறகு பேச்சில் குழப்பம். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் அடிபட்டிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டார். வெயிலில் இருக்கிற அந்த இயற்கைத் தடுப்பு பாக்கெட்டில் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாரத்தில் எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், அதற்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். சிறுநீரகக் கல் இருந்தவர்களும், காச நோய் இருப்பவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

சைவம் பார்ப்பவர்கள் கேட்பதால் சொல்கிறேன், கடையில் கிடைக்கும் டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டுக் கம்பளியின் மெழுகிலிருந்து எடுப்பது, உருண்டை வடிவ மென் மாத்திரைகளில் ஜெலட்டினும் இருக்கும். வேண்டாம் என்றால் பாறையிலும் மரப்பட்டையிலும் பாசி போலப் படரும் லைக்கன் வகையிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, கேட்டு வாங்கலாம்.

ஊசியைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஒரே குத்தில் மூன்று லட்சம், ஆறு லட்சம் யூனிட் போடுகிறார்கள். குடல் உறிஞ்சாத நோய் இருப்பவர்களுக்கும் எடை குறைக்க வயிற்றில் அறுவை செய்தவர்களுக்கும் அது தேவைப்படலாம். வாயால் சாப்பிட முடிகிற ஒருத்திக்கு எதற்கு? ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் வாய்வழியாகக் கொடுத்தார்கள். 2010-இல் முடிவு வந்தபோது டி கிடைத்தவர்கள்தான் அதிகம் கீழே விழுந்திருந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பு முறிவும் அதிகம். உடம்புக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பதுதான் பிடிக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். கிளினிக்கில் ஊசி வேண்டாம் என்று சொன்னபோது ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பரவாயில்லை.

சாப்பாடு துணைக்குத்தான். ஒரு முட்டை மஞ்சள் கருவில் 40 யூனிட் போல இருக்கும், மத்தி, அயிலை மாதிரி கொழுப்புள்ள மீனில் நன்றாகவே இருக்கும், காளானை நறுக்கி நடுப்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் அதிலும் டி உருவாகும். பால் பாக்கெட்டிலும் எண்ணெய் பாக்கெட்டிலும் நீல நிறத்தில் பிளஸ் எஃப் முத்திரை இருந்தால் ஏ, டி இரண்டும் சேர்த்தது என்று அர்த்தம், வாங்கும்போது பாருங்கள். 11-இல் இருப்பவரை இவற்றால் மட்டும் மேலே ஏற்ற முடியாது.

இப்போது முடிக்கு வருவோம், எனக்கு ரொம்ப ஆதங்கம் இதில்தான். அந்த ஒரு தடித்த எழுத்து வரியைப் பார்த்ததில் நாங்கள் இரண்டு விஷயத்தைக் கோட்டைவிட்டோம். ஒன்று, ஆவணிக் கடைசியில் தங்கைக்கு டெங்கு வந்திருந்தது. பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீர்ப் பட்டினி இவற்றுக்குப் பிறகு வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக் காலம் சுமார் மூன்று மாதம், அது முடிந்ததும் கொத்துக் கொத்தாக உதிரும். அதனால்தான் காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுகிறது, நமக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகமே வருவதில்லை. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "கார்த்திகைக்கு முன்னாடி உடம்பு சரியில்லாம இருந்தீங்களாம்மா" என்பதுதான். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும்.

இரண்டாவது, இரும்புச் சத்து. அந்தப் பேக்கேஜில் ஹீமோகுளோபின் இருந்தது, 12.1, சரி என்று நினைத்தோம். உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின், அது பேக்கேஜிலேயே இல்லை. தனியாக எடுத்தபோது 9. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15-க்குக் கீழே என்றால் சேமிப்புக் காலி, முடிக்கென்று பார்க்கும் மருத்துவர்கள் சிலர் 40-க்கு மேல் வேண்டும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது, ரத்தசோகை வருவதற்கு முன்னாலேயே சேமிப்பு தீர்ந்தவர்கள் இதற்கு வெளியே.

என் பெரியம்மா மகள் ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் வேலை, மாவு காய வைக்கிற களத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நல்ல வெயிலில்தான் இருப்பாள். சேலத்தில் அவளை விட வெயில் பார்த்தவள் யாரும் இருக்க மாட்டார்கள். அவளுக்கும் இரண்டு வருஷம் முன்பு இதே மாதிரி முடி கொட்டியது, ஹீமோகுளோபின் 8.5, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. அதைச் சரிசெய்து இரும்பு மாத்திரை சாப்பிட்ட பிறகு அடுத்த தீபாவளிக்கு அடர்த்தி திரும்பியது. நிழலில் இருப்பவளுக்கும் கொட்டுகிறது, களத்தில் காய்கிறவளுக்கும் கொட்டுகிறது என்றால் வெயிலை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அர்த்தமில்லை.

ஆகவே கையில் பணம் அளவாக இருந்தால் டி பரிசோதனைக்கு முன்னால் ஃபெரிட்டினும் தைராய்டுக்கான டிஎஸ்எச்சும் எடுங்கள், எங்கள் ஊரில் அந்த இரண்டும் சேர்ந்தே டி-யை விடக் குறைந்த செலவில் முடிந்தது. காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்காதீர்கள், பொய்யாக ஏறிக் காட்டும். முடி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள், அவற்றில் இருக்கும் அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவையே புரட்டிவிடும், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்த விஷயம் இது. பயோட்டின் குறைபாடே இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. தோழி எழுதிக் கொடுத்த சீட்டை அதனால்தான் நான் மடித்து வைத்துவிட்டேன்.

போர் தண்ணீர்தான் காரணம் என்று எங்கள் தெருவே நம்புகிறது. உப்புத் தண்ணீரில் முடி முரடாகி நடுவில் ஒடியும், ஆனால் நுனியில் வெள்ளைக் குமிழோடு வேரிலிருந்து வருகிற முடிக்கு அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு.

இன்னொரு வகை இருக்கிறது, கொத்தாகக் கொட்டாமல் வகிடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போவது, அம்மாவுக்கோ அத்தைக்கோ அப்பாவுக்கோ அப்படி இருந்திருக்கும். அதற்கு டி-யும் இரும்பும் மட்டும் போதாது, மினாக்ஸிடில் மாதிரி மருந்துதான். தடவத் தொடங்கிய முதல் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டலாம், பயந்து நிறுத்தக் கூடாது, நாலு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும். கர்ப்பமாக இருப்பவர்களும் திட்டமிடுபவர்களும் பால் கொடுப்பவர்களும் தொடக் கூடாது. அந்த வகைப் பெண்கள் வைட்டமின் பாக்கெட்டை நம்பி இரண்டு வருஷம் கடத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் இதில் முன்கூட்டித் தொடங்குவதுதான் பலன்.

தங்கை விஷயத்தில் இப்படி முடிவு செய்தோம். எண் 11, தொடை வலி இருக்கிறது, பட்டறை வேலை, அதனால் பாக்கெட், ஞாயிற்றுக்கிழமை மதியம், எட்டு வாரம். இரும்பு மாத்திரையை மருத்துவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதினார், அப்படிச் சாப்பிட்டால் குடல் நன்றாக வாங்கிக்கொள்ளுமாம். எலுமிச்சைச் சாறோடு, காபியிலிருந்தும் கால்சியம் மாத்திரையிலிருந்தும் இரண்டு மணி நேரம் தள்ளி. தை, மாசியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பட்டறைப் பின்வாசல் படியில் இருபது நிமிடம் உட்கார்ந்தாள், தலையில் துண்டு, கையை மடித்து விட்டுக்கொண்டு, கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். இப்போது சித்திரை வெயிலில் அது முடியாது, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மாடியில் துணி காயப் போடும் வேலை அவளுடையது. அம்மா அரைமனதாக இளவெயிலை விட்டுக்கொடுத்தாள்.

பங்குனியில் தொடை வலி விட்டது. நெற்றி ஓரத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் குட்டி முடி நிற்கிறது, வாரினால் படியாமல் எழுந்து நிற்கும் முடி, மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் சரியாக வருகிறது. இது இரும்பால் வந்ததா, டெங்குவுக்குப் பிறகு தானாக வந்திருக்குமா, டி-க்கும் பங்கு உண்டா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தன. வைகாசியில் ஃபெரிட்டின் மறுபடி எடுக்க வேண்டும். டி-யையும் அதே ரத்தத்தில் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை ஊசி குத்தினால் அவள் வரமாட்டாள்.